ஆசனத்தைத் தாங்கும் நாடா

தேரைக் காண்போர் அதன் உச்சியையும் தொம்பைகளையும் கண்டு வியப்பர். குனிந்து அச்சினை நோக்குபவர் அதைச் செய்த தச்சர் ஒருவரே. மாளிகையைக் காண்போர் அதன் மாடத்தைப் புகழ்வர். மண்ணுக்குள் மறைந்து நிற்கும் அடித்தளத்தை நினைப்பவர் மிகச் சிலர். பழைய மோட்டார் வண்டிகளின் கதையும் இவ்வாறே உள்ளது. நம் நாட்டின் பெருநகரங்களில் பழங்கார்களின் அணிவகுப்பு நடைபெறுவதை நாம் அறிவோம். டெல்லி மாநகரில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964 ஆம் ஆண்டில் தொடங்கிய அணிவகுப்பு இவ்வகையில் புகழ் பெற்றது. அங்கே கூடும் மக்கள் பித்தளை விளக்குகளைத் தொட்டுப் பார்க்கின்றனர். மெருகிட்ட மரப் பலகையையும் மின்னும் தோல் ஆசனத்தையும் பார்த்து மகிழ்கின்றனர். ஆனால் அவ்வாசனத்தில் அமர்பவரின் எடையைத் தாங்குவது தோல் அன்று. தோலுக்குள் இருக்கும் மெத்தையும் அன்று. அவற்றிற்கும் கீழே, இருளிலும் புழுதியிலும் கிடக்கின்ற, இரண்டு அங்குல அகலமே உள்ள சில நாடாத் துண்டுகளே அப்பெருஞ்சுமையைத் தாங்குகின்றன.

அந்நாடாவின் வரலாற்றையும், அது நைந்துபோன காலத்து அதனைப் புதுப்பிக்கும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று அன்பர்கள் வினவலாம். சீமையில் செய்த வண்டிதான். சீமையார் அமர்ந்த ஆசனந்தான். எனினும் அதன் அடியில் இருந்த சணல், நாம் இன்று வாழும் இவ்வங்க மண்ணில் விளைந்தது. சணலுக்குப் பின்வந்த ரப்பரோ, கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்த தோட்டங்களின் விளைபொருள். ஆதலின் இது நமக்கு அயலான வரலாறு அன்று.

நாடாவின் இயல்பு

நம் பாட்டிமார் வீட்டுத் திண்ணையில் கிடந்த நாடாக் கட்டிலை நம்மில் மூத்தோர் நன்கு அறிவர். வடநாட்டார் அந்நாடாவை நிவார் என்பர். முதலில் நீளவாக்கில் நாடாவை இழுத்துக் கட்டுவர். பின்னர்க் குறுக்கே ஒன்றன்மேலும் ஒன்றன்கீழுமாகப் பின்னிக்கொண்டு செல்வர். இப்பின்னலில் ஓர் அரிய தத்துவம் அடங்கியுள்ளது. ஒருவர் கட்டிலின் நடுவே அமரும்போது, அவருக்கு நேர் கீழே உள்ள நாடா மட்டும் சுமையைத் தாங்குவதில்லை. அது அழுந்தும்போது தன்னைக் குறுக்கே கடந்து செல்லும் நாடாக்களையும் உடன் அழுத்துகின்றது. அவை தம் பக்கத்து நாடாக்களை இழுக்கின்றன. இவ்வாறு ஓரிடத்துச் சுமை சட்டம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. மோட்டார் வண்டியின் ஆசனத்திலும் இதே தத்துவமே பயன்பட்டது.

மேனாட்டு மெத்தைக் கைவினைஞர் இந்நாடாவைக் குதிரைச் சேணத்திலிருந்து பெற்றனர். சேணம் நழுவாதபடி குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை வலிமை மிக்கது. அதனையே நாற்காலிச் சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தி, மேலே குதிரை மயிரைப் பரப்பி மெத்தை தைத்தனர். பின்னர்க் கம்பிச் சுருள் வந்தது. வியன்னா நகரத்து மெத்தைக் கைவினைஞர் கியோர்க் யூனிகல் என்பார், 1822 ஆம் ஆண்டில் கம்பிச் சுருள் அமைந்த ஆசனத்திற்கு உரிமை பெற்றார். சுருள் வந்ததனால் நாடாவுக்கு வேலை ஒழிந்துவிடவில்லை. கூடியது என்றே சொல்லவேண்டும். சுருள்கள் நிற்பதற்கு ஒரு தளம் வேண்டும் அன்றோ? அத்தளமாக நாடாப் பின்னலே அமைந்தது.

1886 ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு உரிமை பெற்றபோது, எஞ்சின் புதிது. ஆசனமோ குதிரை வண்டியின் பழைய ஆசனமே. தொடக்கக் காலத்து மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டியவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டி கட்டிய கைவினைஞர்களே. லண்டனில் 1805 ஆம் ஆண்டில் தோன்றி அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்கும் வண்டி கட்டி வந்த ஹூப்பர் நிறுவனம், பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு உடல் கட்டிப் புகழ் பெற்றது. சென்னையில் 1840 ஆம் ஆண்டில் தோன்றிய சிம்ப்சன் நிறுவனமும் குதிரை வண்டிப் பட்டறையாகவே தொடங்கி, மோட்டார்த் தொழிலுக்கு வந்தது. இவ்வாறு குதிரைச் சேணத்து நாடா, குதிரை மறைந்த பின்னரும் வண்டியை விட்டு நீங்காமல் தொடர்ந்து வந்தது.

ஹூக்ளிக் கரையின் கொடை

தொடக்கத்தில் இந்நாடா ஆளி நாரினாலும் சணப்ப நாரினாலும் நெய்யப்பட்டது. இவை இரண்டும் இங்கிலாந்துக்குப் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தன. வங்கத்துச் சணல் அவற்றினும் மலிவு, ஆயினும் முரடு. அதை எந்திரத்தில் நூற்பது அரிதாக இருந்தது. ஸ்காத்லாந்தின் டண்டீ நகரத்தார் 1830-களில் இதற்கு ஒரு வழி கண்டனர். அந்நகரம் திமிங்கில வேட்டைக்குப் பெயர் பெற்ற துறைமுகம். திமிங்கில எண்ணெயையும் நீரையும் தெளித்து ஊறவைத்தால் சணல் இளகி எந்திரத்துக்கு இணங்குவதை அவர்கள் கண்டனர். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் ரஷ்ய நார் வரத்துத் தடைபடவே, சணலுக்கு நற்காலம் பிறந்தது.

அப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1855 ஆம் ஆண்டில், ஜார்ஜ் ஆக்லண்ட் என்பார் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் ரிஷ்ரா என்னும் ஊரில் சணல் நூற்கும் ஆலையைத் தொடங்கினார். அதன் எந்திரங்கள் டண்டீயிலிருந்து வந்தவை. 1859 ஆம் ஆண்டில் எதிர்க்கரையிலுள்ள பராநகரில் விசைத்தறி ஓடத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் கல்கத்தாவின் ஆலைகள் டண்டீயை விஞ்சி நின்றன. எனினும், ஆலை எங்கு இருந்தாலும் நார் விளைந்தது வங்கத்திலேதான். இடுப்பளவு நீரில் நின்று சணல் தட்டையை ஊறவைத்து நார் உரித்த உழவர், அந்நார் எந்தப் பிரபுவின் வண்டி ஆசனத்தைத் தாங்கப் போகின்றது என்பதை அறிந்திலர். 1947 ஆம் ஆண்டின் பிரிவினையில் ஆலைகள் இந்தியாவின் பக்கமும், சணல் விளைநிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானின் பக்கமுமாகப் பிரிந்து நின்ற துயரத்தை வங்க மக்கள் இன்னும் மறந்திலர்.

சணல் நாடாவால் ஆசனம் அமைக்கும் முறை எளிது போலத் தோன்றும். ஆனால் அது பழகிய கைக்கே வாய்க்கும். நாடாவின் முனையைச் சட்டத்தில் வைத்து, அது கிழியாதபடி ஒரே வரிசையில் அன்றி முன்னும் பின்னுமாகச் சிற்றாணிகளை அடிப்பர். மறுமுனையை இழுப்பதற்குத் துளையுள்ள ஒரு மரக் கட்டை உண்டு. அத்துளையில் நாடாவை மடித்து நுழைத்து, ஒரு குச்சியைச் செருகிக் கட்டையைச் சட்டத்தின்மேல் சாய்த்து அழுத்தினால் நாடா விறைத்து நிற்கும். விரலால் தட்டினால் பறையைப் போல ஒலிக்கவேண்டும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. பின்னர் முனையை மடக்கி மீண்டும் ஆணி அடிப்பர். நாடாக்கள் குறுக்கும் நெடுக்கும் கடக்கும் இடங்களில் கம்பிச் சுருளை நிறுத்தித் தடித்த நூலால் தைப்பர். சுருள்களின் தலைகளை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, மேலே சாக்குத் துணி விரித்து, அதன்மேல் குதிரை மயிரைப் பரப்பித் தைத்து, இறுதியில் தோலைப் போர்த்துவர்.

ரப்பர் வந்த கதை

சணல் நாடாவுக்கு நெகிழ்ச்சி இல்லை. நெகிழ்ச்சி வேண்டுமாயின் சுருள் வேண்டும். சுருளோ உயரம் மிகுந்தது. ஆசனம் உயர்ந்தால் வண்டியின் கூரையும் உயரவேண்டும். நாடாவே நெகிழுமாயின் சுருளைத் தவிர்க்கலாம் அன்றோ? அவ்வாய்ப்பை அளித்தது ரப்பர்.

ரப்பரை நெகிழும் பட்டையாக்கி ஆடையில் பயன்படுத்த, இங்கிலாந்தின் தாமஸ் ஹான்காக் 1820 ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றார். ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துப் போகும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்கும் என்பதை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டு, 1844 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதன்பின் ரப்பரின் தேவை பெருகியது. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பார் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888 ஆம் ஆண்டில் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். மீன்முள் போலச் சாய்ந்த கோடுகளாய் அக்கீறல்கள் அமைந்தன. சீமையின் உயர்ந்த ரக ஆசன நாடாவின் நெசவும் கறுப்பும் வெள்ளையுமாய் அதே மீன்முள் வரியில் அமைந்திருப்பது ஓர் அழகிய ஒற்றுமை.

மரங்கள் வளர்ந்தன, அவற்றைச் சீவக் கைகள் தேவைப்பட்டன. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் மலையாவுக்குக் கப்பலேறினர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அம்முறை 1910 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பின்னர்க் கங்காணி வழியாகவும் சென்றனர். 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வாள் சேர்ப்பைத் தடைசெய்யும்வரை இப்பயணம் நிகழ்ந்தது. காலைக் குளிர்ச்சியிலேயே பால் நன்கு வடியும். ஆதலால் கதிரவன் எழுமுன்னரே விளக்கும் வாளியும் ஏந்தி அவர்கள் மரத்தடிக்குச் சென்றனர். தாய்மார் குழந்தைகளைத் தோட்டத்து ஆயாவிடம் விட்டுச் சென்றனர். அவர்கள் எடுத்த பாலை அமிலம் இட்டு உறையவைத்து, தகடாக்கிப் புகையில் உலர்த்தி, உலகெங்கும் அனுப்பினர். எந்தத் தோட்டத்துப் பால் எந்த ஊரில் நாடாவாயிற்று என்று பிரித்துக் கூறுதல் எவர்க்கும் இயலாது. எனினும் உலக ரப்பர்ச் சந்தையில் மலையா முன்வரிசையில் நின்ற காலம் அது என்பதில் ஐயம் இல்லை.

1929 ஆம் ஆண்டில் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தைச் சேர்ந்த மர்பி என்பார், ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் வழியைக் கண்டார். குதிரை மயிருக்கு மாற்று வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடாவிலும் மாற்றம் நேர்ந்தது. 1872 முதல் மிலான் நகரில் ரப்பர்த் தொழில் நடத்திவந்த பிரெல்லி நிறுவனத்தார், டயர் செய்வதில் பெற்ற அறிவை ஆசனத்தில் செலுத்தினர். ரேயான் கயிற்றிழைகளைச் சாய்வாக வெட்டி, ஓர் அடுக்கு ஒருபுறமும் மற்றோர் அடுக்கு மறுபுறமும் சாயுமாறு வைத்து, ரப்பரால் ஒட்டி ஒரே நாடாவாக்கினர். இழுக்கும்போது ரப்பர் நீளும். சிறிது நீண்டதும் சாய்ந்த இழைகள் நேராகி, 'இதற்குமேல் வேண்டா' என்று தடுக்கும். நெகிழ்ச்சியும் கட்டுப்பாடும் ஒருங்கே அமைந்த நாடா இது. கட்டடக் கலைஞரான மார்க்கோ சனூசோ இந்நாடாவையும் நுரை ரப்பரையும் கொண்டு வடிவமைத்த 'லேடி' என்னும் நாற்காலி, 1951 ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது.

மோட்டார் வண்டிகளும் இவ்வழியே சென்றன. 1948 ஆம் ஆண்டில் பாரிசில் அறிமுகமான சித்ரோவன் 2சிவி வண்டி, பிரெஞ்சு நாட்டு உழவருக்கென எண்ணப்பட்டது. எடையும் விலையும் குறையவேண்டும் என்பது நோக்கம். முன்மாதிரி வண்டிகளில் ஆசனத்தை ஏணையைப் போலக் கூரையிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தனர். விற்பனைக்கு வந்தபோது இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ரப்பர்ப் பட்டைகளைக் கொக்கிகளால் மாட்டித் துணியைத் தாங்கச் செய்தனர். இங்கிலாந்தில் 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் திறந்த வண்டியின் தொடக்கக் கால ஆசனங்களிலும் ரப்பர் நாடாவே இருந்தது. பின்னர் அதனிடத்தில் நான்கு புறமும் கொக்கி உள்ள ஒரே ரப்பர் விரிப்பு வந்தது. தாழ்ந்த கூரையும் தரையை ஒட்டிய ஆசனமும் கொண்ட அக்கால வண்டிகளின் அழகிற்கு, கண்ணில் படாத இந்நாடாவும் ஒரு காரணம்.

நம் நாட்டு வண்டிகள்

ஹௌராவிலிருந்து பண்டேல் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறும் அன்பர்கள், ஆசனத்தின் வரலாற்றையே வழிநெடுகக் காணலாம். உத்தரபாராவை அடுத்த ஹிந்த் மோட்டார் நிலையம், 1942 ஆம் ஆண்டில் தோன்றி 1948 ஆம் ஆண்டில் அங்கு வந்து அமைந்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் பெயரைத் தாங்கியது. அம்பாசடர் வண்டி 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை அங்கு உருவாயிற்று. அதற்குச் சற்று அப்பால் ரிஷ்ரா. முதல் சணல் ஆலை எழுந்த ஊர். பண்டேலை அடுத்த சாகாகஞ்சில் 1936 ஆம் ஆண்டில் டன்லப் டயர் ஆலை தோன்றியது. சணல், வண்டி, ரப்பர் ஆகிய மூன்றும் ஒரே நதியின் ஒரே கரையில் சில கல் தொலைவுக்குள் அமைந்தன. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனமும், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனமும் வண்டி செய்தன. 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியைத் தமிழகத்துச் சாலைகளில் கண்ட நினைவு நம்மில் பலர்க்கு உண்டு.

இவ்வண்டிகளின் ஆசனம் யாவும் நாடாவினால் ஆனவை என்பது நம் கருத்து அன்று. கம்பிச் சுருளும், ரப்பர்ப் பாலில் தோய்த்த தென்னை நார் மெத்தையும் நம் நாட்டில் பெரிதும் பயன்பட்டன. ஆயினும் உள்ளே இருப்பதை மதியாமல் மேலே போர்த்துவதையே புதுப்பித்தல் என்று கருதும் வழக்கம் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக நேர்ந்த தீங்கு ஆகும்.

நைவும் புதுப்பித்தலும்

சணலின் பகை ஈரம். கூரை ஒழுகி ஆசனம் நனைந்தால் நார் மக்கும்; ஆணி துருப்பிடித்து, துரு நாரை அரிக்கும். ரப்பரின் பகைகளோ பல. காற்றும் ஓசோனும் வெப்பமும் எண்ணெயும் அதனை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. முதலில் நாடா நீண்டு தளரும். பின்னர் மேலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். இறுதியில் மடித்தால் ஒடியும். வண்டியை ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் மூப்படையாமல் இருப்பதில்லை.

ஆசனத்தின் நடுப்பகுதி தாழ்ந்திருத்தல், அமரும்போது ஒருபுறம் சாய்தல், கீழே விரிப்பில் கறுப்புத் தூள் உதிர்தல் ஆகியவை நாடா நைந்ததன் அறிகுறிகள். இதனைப் பாராமல் விடுதல் தகாது. ஓட்டுபவர் தாழ்ந்து அமர்ந்தால் சாலை நன்கு புலப்படாது, முதுகு வருந்தும், தொங்கும் மெத்தை சட்டத்தின் கூர்முனையில் உராய்ந்து, விலைமதிப்புள்ள பழந்தோலும் கிழியும். சிலர் எளிய வழியாக நாடாவின் இடத்தில் ஒட்டுப்பலகையை அறைந்துவிடுகின்றனர். அதனால் ஆசனம் நெகிழ்ச்சி இழப்பதோடு, ஒவ்வொரு குலுக்கலும் நேரே முதுகெலும்பைச் சென்று தாக்குகின்றது.

முறையாகப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் ஆசனத்தைக் கழற்றிக் கவிழ்த்து, எந்த நாடா எந்தத் துளையில் மாட்டப்பட்டது, எது மேலே சென்றது, எது கீழே சென்றது என்பதைப் படமெடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்ளவேண்டும். ஓரங்களில் உள்ள, மிகுதியும் நையாத நாடாவே பழைய நீளத்தை அறியத் துணை செய்யும். மேலுறையை இழுத்துக் கிழிக்காமல், அதனைச் சட்டத்தில் பிணைக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கவேண்டும். இரும்புச் சட்டமாயின் துருவைத் தேய்த்து நீக்கி வண்ணம் பூசவேண்டும். கொக்கி மாட்டும் துளை கிழிந்திருந்தால் முதலில் அதனைப் பற்றவைத்துச் சீராக்கவேண்டும். மரச் சட்டமாயின் பழைய ஆணித் துளைகளை அடைத்து, புழு அரித்துள்ளதா என்று ஆராயவேண்டும். நைந்த சட்டத்தில் புது நாடாவை இழுத்துக் கட்டினால், நாடா பிழைக்கும், சட்டம் ஒடியும்.

ரப்பர் நாடாவை வெட்டும் அளவில்தான் தொழிலின் நுட்பம் உள்ளது. பொதுவாக, அமரும் பகுதியில் மாட்டும் நாடா, மாட்டிய பின்னர்த் தன் இயற்கை நீளத்தைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீண்டிருத்தல் வேண்டும். 10 அங்குல நாடா 11 அங்குல இடைவெளியை நிரப்பவேண்டும் என்பது பொருள். மிகுதியாக இழுத்தால் ஆசனம் பலகையாகும். ரப்பரும் விரைவில் சோரும். குறைவாக இழுத்தால் தொட்டிலாகும். நாடாவுக்கு நாடா நெகிழ்ச்சி வேறுபடுமாதலின், செய்தவர் கூறும் அளவையும் நோக்குதல் நன்று. முதுகு சாயும் பகுதிக்கு இழுப்புக் குறைவாக இருந்தால் போதும். நாடாவின் முனைகளில் எஃகுப் பிடிகளை இடுக்கியில் வைத்து இறுக அழுத்திப் பொருத்தி, சட்டத்தின் துளையிலோ பள்ளத்திலோ மாட்டவேண்டும்.

இங்கே ஒரு விதியை மறத்தலாகாது. அறுந்தது ஒரு நாடாவாக இருந்தாலும் ஓர் ஆசனத்தின் நாடாக்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றவேண்டும். தளர்ந்த பழைய நாடாக்களுக்கு நடுவே விறைப்பான புது நாடா ஒன்றை மாட்டினால், அவ்வொன்றே சுமை முழுவதையும் ஏற்கின்றது. அமர்பவருக்கு அது தடியைப் போல உறுத்தும். நாடாவும் நெடுநாள் வாழாது.

எது உண்மையான பழமை?

இனி, அறிஞர் பலர் விவாதிக்கும் ஒரு வினாவுக்கு வருவோம். நூறாண்டுப் பழமையுள்ள வண்டியில் நாடாவை மாற்றிய பின்னர், அது அப்பழைய வண்டிதானா? சணல் இருந்த இடத்தில் ரப்பரையும் ரப்பர் இருந்த இடத்தில் செயற்கை இழையையும் இடலாமா? பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றி 1964 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அறிஞர் கூடி ஒரு சாசனம் வகுத்தனர். அதன் வழியைப் பின்பற்றிப் பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு, 2012 ஆம் ஆண்டில் துரின் சாசனத்தை ஏற்றது. கூடியவரையில் பழம்பொருளைக் காத்தல், தேவைக்கு மேல் மாற்றாமை, செய்த மாற்றத்தை எழுதி வைத்தல் ஆகியவை அதன் சாரம்.

நாம் இதனை மனமார ஏற்கின்றோம். நைந்த நாடாவைக் காத்து வைப்பதற்காக, அமர முடியாத ஆசனத்தை வைத்திருத்தல் அறிவுடைமை ஆகாது. ஓடுவதற்கென்று பிறந்தது வண்டி. ஆயினும் சணல் இருந்த இடத்தில் சணலையும், ரப்பர் இருந்த இடத்தில் ரப்பரையும் இடுதலே நேர்மை. ஏனெனில் அவ்வாசனத்தின் உயரமும் நெகிழ்ச்சியும் அப்பொருளை நம்பியே அமைக்கப்பட்டன. கழற்றிய பழைய நாடாவில் ஒரு சாண் துண்டையேனும் காகிதத்தில் சுற்றி, நாளும் ஆண்டும் எழுதி, ஆசனத்தின் அடியில் வைத்தல் நலம். அது நமக்குப் பின்வருவோர் படிக்கும் சாசனமாகும். தோலும் மெருகும் செல்வர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வன. அடியில் உள்ள நாடாவிலேதான் அதனை நெய்தவன், இழுத்தவன், ஆணி அறைந்தவன் ஆகியோரின் கைத்தடம் பொய்யின்றி நிற்கின்றது. அதனைக் குப்பையில் எறிதல், ஓலைச்சுவடியை அடுப்பில் இடுதலை ஒக்கும்.

இத்தொழிலை அறிந்த கைகள் நம் நகரங்களில் இன்னும் உள்ளன. சென்னைப் புதுப்பேட்டையிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் பழைய வண்டிகளின் உறுப்புகளைத் தேடிச் செல்வோர், அக்கைவினைஞரையும் தேடிக் காணல் வேண்டும். மெருகிடுபவருக்குக் கொடுக்கும் கூலியை அடியில் வேலை செய்பவருக்கும் தயங்காது கொடுத்தல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத வேலைக்குக் கூலியைக் குறைக்கும் வழக்கமே, ஒட்டுப்பலகையை அறையும் வழக்கத்தை வளர்த்தது. அவர்களுடைய மக்கள் இத்தொழிலைக் கற்காமல் விடுவார்களாயின், தோல் மின்னும் வண்டிகள் மிஞ்சும். அமரத்தக்க ஆசனங்கள் மிஞ்சா.

வங்கத்து உழவரின் சணலும், மலையாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்த நம் உறவினரின் உழைப்பும், மிலானின் அறிவும், டண்டீயின் நூற்பும் ஆகிய இவை யாவும் ஓர் ஆசனத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடந்தன. மேலே அமர்ந்தவர்கள் அவற்றை அறிந்திலர். அறியாவிடினும் அவை தாங்கின. அணிவகுப்பில் இனி ஒரு பழைய வண்டியைக் காணும்போது, விளக்கையும் தோலையும் கண்டு மகிழ்ந்தபின், நம் பிள்ளைகளைச் சற்றுக் குனிந்து ஆசனத்தின் அடியையும் பார்க்கச் சொல்வோம். அங்கேதான் நம்மவர் வரலாற்றின் ஒரு பகுதி, பெயர் பொறிக்கப்படாமல், சுமை தாங்கி நிற்கின்றது.